கேட்டதும் சொன்னதும்: அறை இருக்கிறது, பேரேடு எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹார்டு டிஸ்க் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வந்தவர்கள் அப்படியே நாலு நாள் வீட்டில் தங்கியிருப்பார்கள். பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து பழைய போட்டோ, பழைய கணக்கு நோட்டு என்று வெளியே எடுத்திருப்பார்கள். ஸ்கேன் செய்து பத்திரப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கும். நல்ல யோசனை. அதற்கப்புறம்தான் என் செக்காலைக் கடைக்கு வேலை வருகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருவேன். எம்கேஎஃப்எஸ் என்று பார்த்தால் எம், கே, எஃப், எஸ் என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளைத் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எங்கள் ஐயா ரங்கூன் முகல் தெருக் கடையில் இருந்தபோது எழுதிய கணக்குகளை ஸ்கேன் செய்து வைக்க 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன். வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். எஃப்டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷன் போட்டேன், தப்பு ஒன்றும் வரவில்லை. ஆனால் மவுன்ட் செய்தால் 'ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்' என்கிறது. டிஸ்க் கெட்டுப்போனதா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
*(தேவகோட்டை வாசகர்)*

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறது. நீங்கள் அறைக்குச் சுவர் எழுப்பிவிட்டு, உள்ளே ஒன்றுமே வைக்காமல் சாமானைக் கொண்டு போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அந்த வீட்டில் கல்யாணச் சாமானுக்கென்றே இரண்டு அறைகள் உண்டு. பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, மர ஜாடி, எவர்சில்வர் அடுக்கு என்று கூரை வரை நிறைந்திருக்கும். எது எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எத்தனை உருப்படி என்று அப்பா கையில் ஒரு நோட்டு. அந்த நோட்டு இல்லாத அன்றைக்கு ஒரு குத்துவிளக்கை எடுக்கவே ஒரு பகல் போய்விடும். அலமாரிக்கும் தட்டுக்கும் எண் போட்டு, அதற்கொரு நோட்டும் வைப்பதுதான் ஃபைல் சிஸ்டம். பார்ட்டிஷன் என்பது சுவர் மட்டும்: டிஸ்க்கின் இந்த செக்டாரில் (சிறு துண்டில்) தொடங்கி அந்த செக்டாரில் முடிகிறது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. மவுன்ட் கட்டளை, அதாவது அறையைத் திறந்து கம்ப்யூட்டரோடு இணைக்கும் கட்டளை, உள்ளே போய் நோட்டின் முதல் பக்கத்தைத் தேடியிருக்கிறது. அந்த முதல் பக்கத்துக்குத்தான் சூப்பர்பிளாக் என்று பெயர். அது இல்லாததால் 'பேட்' என்று சொல்லிவிட்டது.

சரி, நோட்டுப் போடுவோம். போடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த அறையில் போடுகிறோம் என்று பார்ப்பதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,லேபல்

லேப்டாப்பில் உள்ள டிஸ்க் எல்லாம் வரிசையாக வரும். உள்ளே இருப்பது எஸ்டிஏ, நீங்கள் செருகியது எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப் என்றால் உள்ளே இருப்பது என்விஎம்இ என்று தொடங்கலாம். 1 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் இங்கே 931ஜி என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. அளவு மட்டும் பார்த்து நம்பிவிடாமல், டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணோடு திரையில் தெரிவதை ஒப்பிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தக் கதை. பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு கல்யாண வீடியோக்காரர் இரண்டு டிஸ்க் கொண்டுவந்தார். இரண்டும் 500 ஜிபி, ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம். ஒன்று காலி, ஒன்றில் மூன்று முகூர்த்தம். காலையில் பார்த்தபோது காலி டிஸ்க் எஸ்டிசி. நடுவில் கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டர் மறுபடி ஏறியது. நான் திரும்பப் பார்க்காமல் எஸ்டிசி என்றே தட்டினேன். செருகும் வரிசையும் கண்டுபிடிக்கும் வரிசையும் மாறினால் இந்தப் பெயர்கள் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் தட்டினேன். அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து ஃபார்மட் செய்யும்போது வேலையில்லாத டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கி மேஜைக்குக் கீழே வைத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது ஒத்திகை. எம்கேஎஃப்எஸ் என்பது நோட்டுப் போடும் கட்டளை, இஎக்ஸ்டி4 என்பது லினக்ஸில் வழங்கும் ஒரு நோட்டு வகை, சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம்:

சூடோ எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 -என் /டெவ்/எஸ்டிபி1

கடைசியில் உள்ள 1 முக்கியம். அது இல்லாவிட்டால் அறையை விட்டுவிட்டு வீட்டையே குறிக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த -என் இருந்தால், செய்தால் என்னவெல்லாம் செய்வேன் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைத் தொடாமல் நின்றுவிடும். இந்தச் சலுகை எல்லா வகை ஃபைல் சிஸ்டத்துக்கும் கிடையாது. விஃபேட் என்ற இன்னொரு வகைக்கான கட்டளையில் அதே எழுத்துக்கு 'பெயர் வை' என்று அர்த்தம், அங்கே போய் ஒத்திகை பார்க்காதீர்கள்.

திருப்தியாக இருந்தால் நிஜம்:

சூடோ எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 -எல் வளவு /டெவ்/எஸ்டிபி1

இதில் எல் மட்டும் பெரிய எழுத்து. 'வளவு' என்பது நான் வைத்த பெயர், உங்களுக்குப் பிடித்ததை வைக்கலாம். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம் இல்லையா, அதுபோலத்தான். 16 பைட் வரை இடம் உண்டு. தமிழிலேயே வெட்டலாம்: எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைட், ஆகவே 'வளவு' 12 பைட்டில் அடங்கும். 'பெட்டகசாலை' அடங்காது. ஆனால் டெர்மினலில் அடிக்கடி தட்ட வேண்டியிருக்கும் என்பதால் நான் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுவது.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதாவது ஃபைல் சிஸ்டம் இருந்தால் அதைச் சொல்லி 'தொடரவா?' என்று கேட்கும். காலி என்று நீங்கள் நினைக்கிற பார்ட்டிஷனில் இந்தக் கேள்வி வந்தாலே கையை எடுத்துவிடுங்கள், தவறான இடத்தில் நிற்கிறீர்கள். கேள்வி வராவிட்டால் வேலை ஓடி முடியும். நடுவே 32768, 98304, 163840, 229376 என்று எண்கள் வரும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவை சூப்பர்பிளாக்கின் நகல் எந்தெந்த பிளாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். ரங்கூன் கடை ஐந்தொகையின் நகல் ஊரில் உங்கள் ஐயா வீட்டிலும் இருந்திருக்குமே, அந்த ஏற்பாடுதான். நாளைக்கு முதல் பக்கம் கிழிந்தால் 'சூடோ இ2எஃப்எஸ்சிகே -பி 32768 /டெவ்/எஸ்டிபி1' (இந்த பி, பிளாக் என்பதன் முதல் எழுத்து) என்று நகலை வைத்துச் சரிபார்க்கலாம்.

அப்புறம் மவுன்ட்:

சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/வளவு
சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி/வளவு

உள்ளே 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அழிக்க வேண்டாம். படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். இதற்கும் பலர் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்திருக்கிறார்கள். புது அறையின் சாவி ரூட் என்கிற பெரியவர் கையில் இருக்கிறது, அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். 'சூடோ சிஎச்ஓடபிள்யூஎன்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு உங்கள் பயனர் பெயர், இன்னோர் இடம் விட்டு /எம்என்டி/வளவு. ஒரு தடவை செய்தால் போதும். மவுன்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மிச்சமிருக்கும் அட்டவணைப் பக்கங்களை லினக்ஸின் மையமான கெர்னல் பின்னணியில் சுத்தம் செய்கிறது. இருக்கட்டும்.

ஏன் இஎக்ஸ்டி4 என்று கேட்பீர்கள். 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 கெர்னலோடு நிலையான பதிப்பாக வந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க அடிபட்டுத் தேறியது. அதைவிட முக்கியம், அதில் ஜர்னல் இருக்கிறது. பர்மாக் கணக்கு பார்த்திருக்கிற உங்களுக்கு இது ஒரே வரியில் புரியும்: முதலில் குறிப்பேடு, அப்புறம்தான் பேரேடு. பேரேட்டில் பதியும்போது கரண்ட் போய்விட்டால், மறுபடி எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். குறிப்பேட்டில் ஏறுவது கணக்கு மட்டும்தான். ஸ்கேன் செய்த பக்கத்தின் உள்ளடக்கம் அதில் ஏறாது. ஆகவே கரண்ட் போன அந்த நொடியில் நகலாகிக்கொண்டிருந்த படம் அரைகுறையாக நிற்கலாம். அறை முழுக்கக் குலையாது, அவ்வளவுதான் உத்தரவாதம்.

கேள்வி: தம்பி, பேத்தி கல்யாண வீடியோவைப் பேரன் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். சிங்கப்பூரிலிருந்து வந்த என் மகன் தன் கம்ப்யூட்டரில் செருகினால், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கேட்கிறது. ஓகே கொடுத்துவிடலாமா?
*(பள்ளத்தூர் ஆச்சி)*

பதில்: வேண்டவே வேண்டாம், ஆச்சி! கேன்சல் கொடுத்துவிட்டு டிஸ்க்கைப் பிடுங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கல்யாணம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பேரன் லினக்ஸ்காரர் போலிருக்கிறது, இஎக்ஸ்டி4 போட்டிருக்கிறார். மகனுடையது விண்டோஸ். அதற்கு இந்த நோட்டின் எழுத்து படிக்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, அழித்துவிட்டுப் புதிதாக எழுதவா என்று கேட்கிறது. இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை இன்னும் மரியாதையாகக் கேட்கத் தெரியவில்லை அதற்கு.

இனி பேரனுக்கு, இதை அவரிடம் காட்டுங்கள். தம்பி, பல வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் போய்வரும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் போடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் படிக்கும், எழுதும். லினக்ஸில் 5.7 கெர்னலிலிருந்து நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது, எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் என்ற பொதியை நிறுவிக்கொண்டால் எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ஃபேட் கிடைத்துவிடும். எஃப்ஏடி32 வேண்டாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது, இந்தக் காலத்துத் தாலி கட்டும் காட்சி மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. பலர் மறக்கும் இன்னொன்று: லினக்ஸில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் பார்ட்டிஷன் போட்டால் அதன் வகை 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்று பதிவாகும். எம்கேஎஃப்எஸ் அதை மாற்றாது. எஃப்டிஸ்க்கில் 'டி' (டைப் என்பதன் முதல் எழுத்து, டெலிட்டின் எழுத்து அல்ல) தட்டி 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே எக்ஸ்ஃபேட் இருந்தும் விண்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்துக் கொடுக்காமல் கண்டுகொள்ளாமல் இருந்துவிடும். எக்ஸ்ஃபேட்டில் குறிப்பேடு கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அதோகதி. இத்தனையும் வீடியோவை வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகு. ஆச்சி முன்னால் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: 931 ஜிபி பார்ட்டிஷனில் இஎக்ஸ்டி4 போட்டேன். டிஎஃப் கட்டளை மொத்தம் 916, கிடைப்பது 870 என்கிறது. ஒரு ஃபைல்கூட இன்னும் வைக்கவில்லை. 60 ஜிபி எங்கே போனது?
*(கல்லூரி மாணவர், காரைக்குடி)*

பதில்: கேள்வி கேட்பதற்கு முன் கழித்துப் பார்த்திருக்கிறீர்கள், தம்பி. எனக்கு இந்த மாதிரிக் கடிதம்தான் பிடிக்கும்.

முதல் 15, நோட்டுக்கான காகிதம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு வேண்டும். 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் எம்கேஎஃப்எஸ் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடுகிறது. உங்கள் டிஸ்க்குக்கு அது 6 கோடியே 10 லட்சம் ஐநோடு. ஒன்றுக்கு 256 பைட். பெருக்கிப் பாருங்கள், 15 ஜிபியை நெருங்கும். 6 கோடி ஃபைல் யாரிடம் இருக்கிறது? பெரிய பெரிய வீடியோ மட்டும் வைக்கிற டிஸ்க் என்றால், உருவாக்கும்போதே '-டி லார்ஜ்ஃபைல்' சேருங்கள் (இந்த டி, டைப் என்பதன் முதல் எழுத்து, பெரிய எழுத்து). 1 எம்பிக்கு ஓர் ஐநோடு என்று ஆகிவிடும், காகிதம் கால் ஜிபிக்குள் முடியும். ஆனால் ஐநோடு தீர்ந்தால் இடம் இருந்தும் புது ஃபைல் போட முடியாது, பின்னால் கூட்டவும் முடியாது. சின்னச் சின்ன ஃபைலாக லட்சக்கணக்கில் வைப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

அடுத்த 46, நூற்றுக்கு 5 என்று ரூட்டுக்காக ஒதுக்கிய கையிருப்பு. இயங்குதளம் உள்ள பார்ட்டிஷனில் இது நியாயம். டிஸ்க் முட்ட நிறைந்தாலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய இடம் இருக்கும். போட்டோ மட்டும் வைக்கிற டிஸ்க்கில் எதற்கு? 'சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 0 /டெவ்/எஸ்டிபி1' என்று தட்டுங்கள் (இங்கே எம் சின்ன எழுத்து). மவுன்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. 46 ஜிபி உடனே திரும்பி வரும்.

கேள்வி: பெரிய தப்பு செய்துவிட்டேன், அண்ணே. காலி பென் டிரைவ் என்று நினைத்து, வீட்டுப் போட்டோ எல்லாம் இருந்த விண்டோஸ் டிஸ்க்கில் எம்கேஎஃப்எஸ் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஏதாவது வழி உண்டா?
*(புதுவயல் வாசகர்)*

பதில்: உண்டு. முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றுங்கள். மவுன்ட் செய்து பார்க்கவே கூடாது. மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்னேனே, மவுன்ட் ஆன பிறகும் பின்னணியில் சுத்தம் செய்யும் என்று. அந்தச் சுத்தம்தான் இப்போது உங்களுக்கு எமன். மிச்சமிருக்கும் போட்டோ மேல் அது சுழியம் எழுதிக்கொண்டே போகும்.

எம்கேஎஃப்எஸ் டிஸ்க் முழுவதையும் அழிப்பதில்லை. அழித்தால் மணிக்கணக்கில் ஆகுமே, உங்களுக்குச் சில நொடியில் முடிந்திருக்கும். பழைய நோட்டைக் கிழித்துப் புது நோட்டை அங்கங்கே வைத்திருக்கிறது. சாமானில் பெரும்பகுதி அதே இடத்தில் கிடக்கிறது. அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுங்கள். நகலில் மட்டும் கை வையுங்கள். முதலில் டெஸ்ட்டிஸ்க். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், பூட் செக்டார் என்ற தன் முதல் பக்கத்தின் நகலை பார்ட்டிஷன் கடைசியில் வைத்திருக்கும், அதைப் பிடித்து மேலே ஏறிப் பார்க்கும். அது கை கொடுக்காவிட்டால் ஃபோட்டோரெக். அதற்கு நோட்டே வேண்டாம். ஜேபெக் படம் எல்லாம் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும் என்பதை வைத்தே தடவித் தடவி எடுத்துவிடும். பெயர், ஃபோல்டர் எதுவும் திரும்பாது. எண் பெயரோடு ஆயிரக்கணக்கான படம் வரும். உட்கார்ந்து பிரிக்க வீட்டில் பொறுமையுள்ள ஒருவரைத் தயார் செய்யுங்கள்.

இதெல்லாம் சுழலும் டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டியாக இருந்தால் என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. இஎக்ஸ்டி4 போடும்போது எல்லா பிளாக்கும் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்கு முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். அதுவும் கேட்டுக்கொண்டு காலி செய்துவிடும்.

கேள்வி: புது டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் எழுதினேன். ஒரு நாள் டிஸ்க்கைச் செருகாமல் லேப்டாப்பைத் திறந்தால் 'எமர்ஜென்சி மோடு' என்று நின்றுவிட்டது.
*(கோட்டையூர் வாசகி)*

பதில்: எஃப்எஸ்டேப் என்பது கம்ப்யூட்டர் ஏறும்போது எந்தெந்த டிஸ்க்கை மவுன்ட் செய்வது என்ற பட்டியல். அதில் டீஃபால்ட்ஸ் என்று எழுதிய இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டு 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள், அம்மா. டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஏறிவிடும். எஸ்டிபி1 என்ற பெயரால் எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள், அது நாளைக்கு வேறு டிஸ்க்குக்குப் போகும். 'சூடோ பிஎல்கேஐடி' என்று தட்டினால் யுயுஐடி என்ற நீண்ட எண் வரும். அது ஃபைல் சிஸ்டத்தின் விலாசம், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே போகும். மாற்றி எழுதியதும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் 'சூடோ மவுன்ட் -ஏ' கொடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே திட்டிவிடும். யுயுஐடியில் பிழை என்றால் மட்டும் நோஃபெயில் காரணமாகப் பேசாமல் இருந்துவிடும், ஆகவே டிஸ்க்கைச் செருகிவைத்து அது மவுன்ட் ஆகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜிபார்ட்டட் இருக்கும்போது மவுஸால் முடிகிற வேலைக்கு இத்தனை கட்டளை எதற்கு?
*(குன்றக்குடி வாசகர்)*

பதில்: தாராளமாக மவுஸிலேயே செய்யுங்கள். ஜிபார்ட்டட்டும் உள்ளே இதே எம்கேஎஃப்எஸ்ஸைத்தான் கூப்பிடுகிறது. வேலை முடிந்ததும் விவரத்தைத் திறந்து பாருங்கள், முழுக் கட்டளையும் அதில் இருக்கும். மேலே வலது மூலையில் எந்த டிஸ்க் தேர்வாகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் உங்கள் சொந்த டிஸ்க்தான்.